மிளகளவு துளை

2008-ஆம் ஆண்டின் இறுதியில், உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பின் படங்கள் ஆல்பமாகி வந்தபோது, அதில் என் அண்ணன் மகளின் படம் ஒன்று இருந்தது. மண்டபத்துச் சீரியல் விளக்குகள் எல்லாம் அவளுக்குப் பின்னால் வட்ட வட்டமான ஒளிப்பொட்டுகளாகக் கரைந்திருக்க, ஒன்பது வயதுப் பெண்ணின் முகம் மட்டும் இமை மயிர் வரைக்கும் தெளிவாக நின்றது. "சித்தப்பா, உங்க கேமராவுலயும் எனக்கு இந்த மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று அவள் கேட்டாள். என்னிடம் அப்போது இருந்தது அந்த ஆண்டுதான் வாங்கியிருந்த கேனன் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ். 8 மெகாபிக்சல், நான்கு மடங்கு ஜூம், இரண்டு பென்சில் பேட்டரிகளில் ஓடும், சட்டைப்பையில் சற்றுத் துருத்திக்கொண்டு அடங்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் முயற்சி வீட்டு வாசலில் நடந்தது. மதிற்சுவரை ஒட்டி அவளை நிறுத்தினேன். எஃப் எண்ணை நாமே தேர்ந்தெடுக்க விடும் ஏவி என்ற நிலைக்கு டயலைத் திருப்பி, அந்த எண்ணை இயன்றவரை குறைத்தேன். ஜூமை முழுவதும் உள்ளிழுத்த நிலையில்தான் 2.6 என்ற மிகச் சிறிய எண் கிடைத்தது. ஜூமை நீட்ட நீட்ட அது 5.5 வரைக்கும் ஏறிவிட்டது. எண் சிறியதாக இருந்தால் பின்னணி மங்கும் என்பது நான் படித்திருந்த அறிமுகப் பாடங்கள் எல்லாம் ஒரே குரலில் சொன்ன விதி. ஆகவே ஜூமைத் தொடாமல், அவள் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் கேமராவைக் கொண்டுபோய் எடுத்தேன். சுவரின் ஒவ்வொரு வெடிப்பும், சுண்ணாம்பு உதிர்ந்த ஒவ்வோர் இடமும், ஊர்ந்துகொண்டிருந்த எறும்புச் சாரியும் அப்படியே பதிந்திருந்தன. அவளுடைய மூக்கு மட்டும் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அந்த விதியை நம்பி, ஆறு மாதம் இதே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தேன். மூக்கைப் பற்றிய புகாரும் ஒவ்வொரு முறையும் வந்தது.

விதியில் பிழை இல்லை. அது ஒரே லென்ஸை ஒரே ஜூம் நிலையில் வைத்து ஒப்பிடுபவர்களுக்குச் சொல்லப்பட்டது. எஃப் எண் என்பது ஒரு வகுத்தலின் விடை மட்டுமே. லென்ஸின் குவியத் தொலைவை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். ஆகவே குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைத்துவிடும். என் கேமராவின் லென்ஸ் விளிம்பில் 5.8-23.2 என்று மில்லிமீட்டரிலும், அதையடுத்து 2.6-5.5 என்றும் பொறித்திருக்கிறது. வாங்கிய நாள் முதல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த அந்த எழுத்துகளை நான் ஒரு நாளும் கணக்காகப் படித்ததில்லை. உள்ளிழுத்த நிலையில் 5.8-ஐ 2.6-ஆல் வகுத்தால் துளை 2.2 மில்லிமீட்டர். முழுவதும் நீட்டிய நிலையில் 23.2-ஐ 5.5-ஆல் வகுத்தால் 4.2 மில்லிமீட்டர். எண் 'மோசமான' பக்கத்தில்தான் துளை ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்திருக்கிறது. பெட்டியின் மேல் போட்டிருந்த 35-140 என்ற எண்கள், பார்வை எவ்வளவு அகலம் என்பதை 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவோடு ஒப்பிடுவதற்கு மட்டுமே உதவும். துளையைக் கணக்கிட அவற்றைப் பயன்படுத்தினால் வெறும் கனவுதான் மிஞ்சும்.

துளை ஏன் முக்கியம் என்பதை எனக்கு நானே விளக்கிக்கொண்ட விதம் இது. மிகத் தொலைவில் ஒரு விளக்கு எரிகிறது என்று கொள்வோம். அதிலிருந்து கேமராவை நோக்கி வரும் கதிர்கள், தொலைவின் காரணமாக, ஏறக்குறைய இணையாக வருகின்றன. அவற்றுள் துளைக்குள் நுழையக் கூடியவை மட்டும் சேர்ந்து, துளையின் பருமனே உள்ள ஓர் ஒளித்தடி போல வருகின்றன என்று மனத்தில் வரைந்துகொள்ளலாம். அந்தத் தடி லென்ஸை அடைவதற்கு முன், நாம் தெளிவாக எடுக்க விரும்பும் பெண்ணின் காதோரத்தைக் கடந்துதான் வந்தாக வேண்டும். லென்ஸ் அவள் முகம் இருக்கும் தளத்தை அப்படியே படமாக்குவதால், அந்தத் தளத்தில் தடியின் குறுக்குவெட்டு எவ்வளவோ, அவ்வளவு பெரிய வட்டமாகவே அந்த விளக்கும் படத்தில் விழும். அதாவது, தொலைதூர விளக்கு ஒவ்வொன்றும் அவள் காதோரத்தில் துளையின் அளவுள்ள ஒரு வில்லையை ஒட்டிவைத்தது போலத் தெரியும். இதில் எஃப் எண்ணோ, படம் பதியும் சென்சாரின் அளவோ தனியாக எங்கும் வருவதில்லை. துளையின் விட்டம் ஒன்றே போதும்.

இதைக் கண்டுகொண்ட பிறகு மில்லிமீட்டர்களை விட்டுவிட்டு அடுக்களைச் சாமான்களில் நினைக்கத் தொடங்கினேன். என் கேமரா உள்ளிழுத்த நிலையில் ஒட்டுவது பெருங்கடுகு. முழு ஜூமில் மிளகு. திருமணத்தில் படமெடுத்தவர் வைத்திருந்தது 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ், அதன் துளை 27.8 மில்லிமீட்டர், ஒரு நெல்லிக்காய். நெல்லிக்காயும் கடுகும் ஒன்றாக முடியாது என்பது அன்றே எனக்குப் புரிந்திருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

சின்னக் கேமராவுக்குள் பெரிய துளையை ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி இயல்பாக எழும். அதன் சென்சார் ஏறத்தாழ 5.8-க்கு 4.3 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. (1/2.5 அங்குலம் என்று அதற்குப் பெயர் வைத்திருப்பது பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்திலிருந்து வந்த வழக்கம். அங்குலக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.) அவ்வளவு சிறிய சென்சாருக்குப் பார்வையின் அகலம் சரியாக அமைய வேண்டுமென்றால் குவியத் தொலைவும் குறுக வேண்டும். குவியத் தொலைவே 5.8 மில்லிமீட்டராக இருக்கும்போது, அதற்கு 28 மில்லிமீட்டர் துளை வைப்பது நடவாத காரியம். கேமரா சட்டைப்பைக்குள் போக வேண்டும் என்று கேட்ட அந்தக் கணத்திலேயே மிளகை ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

ஆனால் அதே மிளகை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. படச் சட்டத்துக்குள் 60 சென்டிமீட்டர் அகலம் அடங்கும்படி, தலையும் தோளும் தெரிய எடுத்தால், 4.2 மில்லிமீட்டர் வட்டம் படத்தின் அகலத்தில் 0.7 விழுக்காடு. 6-க்கு 4 அங்குல அச்சில் அது சுமார் 1 மில்லிமீட்டர். நெல்லிக்காய்க்காரரின் படத்தில் அதுவே 7 மில்லிமீட்டர். முகம் மட்டும் சட்டத்தை நிறைக்கும்படி 30 சென்டிமீட்டராகக் குறுக்கினால் என் வட்டம் 2 மில்லிமீட்டராகும். அகலம் 7 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள ஒரு மல்லிகைக் கொத்தை எடுத்தால், அதே மிளகு அச்சில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் வட்டமாகி, திருமணப் படத்தையே மிஞ்சிவிடும். பூவுக்குப் பின்னால் உலகம் கரைந்துபோகிறது, மனிதர்களுக்குப் பின்னால் மட்டும் ஏன் கரைய மறுக்கிறது என்று சின்னக் கேமராக்காரர்கள் எல்லோரும் ஒரு முறையாவது குழம்பியிருப்பார்கள். கேமரா எதையும் மாற்றிச் செய்யவில்லை; மிளகு மிளகாகவே இருக்கிறது, தட்டுதான் சிறியதாகிறது.

இதுவரை சொன்னது பின்னணி மிக மிகத் தொலைவில் இருந்தால். அருகில் இருந்தால் இன்னொரு வெட்டு விழும். கேமராவிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரத்தில், ஆளுக்குப் பின்னால் உள்ள பகுதி எத்தனை பங்கோ, அத்தனை பங்கு மிளகுதான் கிடைக்கும். ஆள் 1 மீட்டரிலும் பின்னணி 2 மீட்டரிலும் இருந்தால் அரை மிளகு. பின்னணி 10 மீட்டரில் இருந்தால் பத்தில் ஒன்பது பங்கு. அதற்கு மேல் எவ்வளவு தள்ளிப்போனாலும் கூடுவது சொற்பமே. இந்தக் கணக்கை என் மதிற்சுவருக்குப் போட்டுப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஜூமை முழுக்க நீட்டி 2.4 மீட்டர் தள்ளி நின்று சரியாகவே எடுத்திருந்தாலும், அவளுக்கு ஓரடி பின்னால் இருந்த சுவரில் கிடைத்திருக்கக் கூடியது மிளகில் ஒன்பதில் ஒரு பங்கு. அச்சில் ஒரு மில்லிமீட்டரின் எட்டில் ஒரு பங்கு. எறும்புச் சாரி அப்போதும் அசையாமல் தெரிந்திருக்கும். நம் ஊரில் படமெடுப்பவர்கள், ஆளைச் சுவரோடு சாய்த்து நிறுத்துவதை ஒரு சடங்கு போலச் செய்கிறோம். கேமரா எதுவானாலும் சரி, ஆளைச் சுவரிலிருந்து பிரித்து வெட்டவெளியின் விளிம்புக்குக் கொண்டுவருவதைப் போன்ற பலனுள்ள செலவில்லாத வேலை வேறொன்று இல்லை.

இதற்கு நேரெதிரான ஆசையும் ஒரு காலத்தில் இருந்தது. 1932-இல் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலிய புகைப்படக் கலைஞர்கள் சேர்ந்து தங்கள் குழுவுக்கு 'எஃப் 64' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரிய ஃபிலிம் கேமராக்களில் துளையை இயன்ற மட்டும் சுருக்கி, அண்மையும் சேய்மையும் ஒருங்கே கூர்மையாக விழ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 8-க்கு 10 அங்குல ஃபிலிமுக்கு வழக்கமான 300 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 64 என்றால் துளை 4.7 மில்லிமீட்டர் வருகிறது. என் ஏ590 தன் வாயை இயன்றவரை அகலத் திறந்தாலும் 4.2-தான். அவர்கள் முக்காலி போட்டு, நெடுநேரம் ஒளி காட்டி அடைந்ததை என் சட்டைப்பைக் கேமரா கேட்காமலேயே தந்துகொண்டிருந்தது. நான்தான் வேறு வரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கு கைக்கு வந்தபின், சில மாதங்கள் மனிதர்களை விட்டுப் பூக்களிடம் போனேன். ஸ்ரீரங்கத்தில் சாத்தார வீதிப் பூக்கடைகளும், எங்கள் மாடித் தொட்டியில் இருந்த நித்தியகல்யாணியும் போதுமானவையாக இருந்தன. அண்மைப் பட (மேக்ரோ) நிலையில், அதாவது பூ உருவம் போட்ட பொத்தானை அழுத்திய பின், என் கேமரா உள்ளிழுத்த ஜூமில் 5 சென்டிமீட்டர் வரை நெருங்கும்; முழு ஜூமில் ஏறத்தாழ ஓரடி தூரத்தில் நின்றுகொள்ளும். இரண்டிலும் வட்டத்தின் அளவு படத்தோடு ஒப்பிடப் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆயினும் படங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. 5 சென்டிமீட்டரில் எடுத்தால் பூவுக்குப் பின்னால் தொட்டி, கொடிக்கயிறு, தண்ணீர்த் தொட்டியின் குழாய், பக்கத்து வீட்டு ஆன்டெனா என்று மாடி முழுவதும் குறுகி வந்து உட்கார்ந்துகொள்கிறது. எல்லாம் மங்கலாக இருந்தாலும் கூட்டம் கூட்டம்தான். ஜூமை நீட்டினால் பின்னணியில் ஒரு கையகல இடம் மட்டுமே அகப்படுவதால், இரண்டு அங்குலம் நகர்ந்து, பூவுக்குப் பின்னால் ஒரே நிற இலைப்பரப்போ நிழலோ வரும்படி பார்த்துக்கொள்ளலாம். மங்கலின் அளவைவிட, மங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பதே பல படங்களைக் காப்பாற்றியது. வெயில் பட்ட குச்சிகளும் வெள்ளைச் சுவரும் எவ்வளவு மங்கினாலும் கண்ணைக் குத்தும். நிழலில் ஊறிய வாழைத்தோப்பு அரை மிளகுக்கே அடங்கிவிடும்.

மல்லிகை போன்ற சிறிய வெள்ளைப் பூக்களில் ஃபோகஸ் பூவைத் தாண்டிப் பின்னால் ஓடிவிடுவது ஓயாத தொல்லை. பூவை ஒட்டி அதே தூரத்தில் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டி, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை எடுத்துவிட்டு மீதியை அழுத்துவேன். உள்ளங்கை ரேகைகளைக் கேமரா பிழையில்லாமல் பிடித்துக்கொள்ளும். இதைப் பூக்காரம்மா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, பூவுக்குத் திருஷ்டி கழிக்கிறேனா என்று கேட்டார்.

அடுத்த கட்டம் அப்பாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடி. பவர் 2.50. முழு ஜூமில் ஓரடிக்குமேல் நெருங்க மறுத்த கேமராவின் முன்னால் அந்தக் கண்ணாடியின் ஒரு வில்லையைப் பிடித்தபோது, அது 17 சென்டிமீட்டர் வரைக்கும் வந்தது. சட்டத்துக்குள் இப்போது 4 சென்டிமீட்டர் சொச்சம் அகலம்தான். மிளகு அதில் பத்தில் ஒரு பங்கு. அச்சில் ஒன்றரை சென்டிமீட்டர் வட்டங்கள்! கடையில் இதற்கென்றே விற்கும் க்ளோஸ்-அப் லென்ஸ்களும் செய்வது இதே வேலைதான். கேனனின் 250டி பவர் 4, ரேனாக்ஸின் டிசிஆர்-250 பவர் 8. அவற்றில் இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிசிறையும் ஓர மங்கலையும் குறைத்திருப்பார்கள். பின்னணியைக் கரைப்பதே நோக்கமாக இருந்தவனுக்கு ஓர மங்கல் ஒரு குறையாகத் தோன்றவில்லை. கண்ணாடியைக் காணாமல் தினத்தந்தியோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத்தான் குறை. இவ்வளவு நெருக்கத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் சில மில்லிமீட்டர்களுக்குள் சுருங்கிவிடுகிறது. மூச்சுக்காற்றுப் பட்டாலே பூவிதழ் அதைவிட்டு வெளியே போய்விடும். பூச்சிகளை எடுப்பவர்கள் இந்த நெருக்கத்தில் மங்கலைத் தேடாமல் ஆழத்துக்கே ஏங்குவார்கள்; நெல்லிக்காய்க்காரர் தம் துளையை வேண்டுமென்றே மிளகாகச் சுருக்கிக்கொள்ளும் இடம் அது.

துளையைச் சுருக்குவது பற்றி ஓர் இடைக்குறிப்பு. மலிவான சில சின்னக் கேமராக்களில் துளையைச் சுருக்கும் தகடுகளே கிடையாது. ஒளி மிகும்போது ஒரு கருங்கண்ணாடியை உள்ளே இறக்கி, எஃப் எண் ஏறிவிட்டதாகக் காட்டுவார்கள். அவற்றில் எண் எதுவாக மாறினாலும் பின்னணியில் மாற்றமே தெரியாது. தம் கேமராவில் எவ்வளவு திருகியும் ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள், தம் கை மீது பழிபோடும் முன் இதைச் சோதித்துக்கொள்ளலாம்.

நண்பர் ஒருவர் 2010-இன் இறுதியில் பவர்ஷாட் எஸ்எக்ஸ்130 ஐஎஸ் வாங்கினார். 12 மடங்கு ஜூம், லென்ஸில் 5.0-60.0, 3.4-5.6 என்று பொறித்திருந்தது. உள்ளிழுத்த நிலையில் அதன் துளை 1.5 மில்லிமீட்டர், என்னுடையதைவிடச் சின்னக் கடுகு. முழு ஜூமில் 10.7 மில்லிமீட்டர், அது சுண்டைக்காய். அதே வேளையில் இன்னொருவர் லென்ஸை மாற்றிக்கொள்ளக் கூடிய பெரிய எஸ்எல்ஆர் கேமராவை அதோடு வரும் 18-55 லென்ஸுடன் வாங்கிவிட்டு, பின்னணி எதிர்பார்த்தபடி கரையவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தார். 55-ஐ அதன் எஃப் எண்ணான 5.6-ஆல் வகுத்தால் 9.8. அதுவும் சுண்டைக்காய்தான், ஒரு சுற்றுச் சிறியது. இதைச் சொன்னபோது அவர் என்னை நம்பவில்லை, கொடுத்த விலை அப்படி.

அவர் நம்பாததிலும் ஒரு நியாயம் இருந்தது. தலையும் தோளும் அடங்க, எஸ்எல்ஆரில் அவர் ஒன்றரை மீட்டரில் நின்றால் போதும். எஸ்எக்ஸ்130-இன் முழு ஜூமில் அதே சட்டத்துக்கு ஏறத்தாழ 6 மீட்டர் பின்வாங்க வேண்டும். ஆளுக்குப் பின்னால் 3 மீட்டரில் மரம் இருந்தால், அவருக்குச் சுண்டைக்காயில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். எஸ்எக்ஸ்130 நண்பருக்கு மூன்றில் ஒரு பங்குதான். நீண்ட ஜூம் சின்னக் கேமராவுக்குத் துளையைக் கொடுத்து, அதற்கு ஈடாக இடத்தைக் கேட்கிறது. ஆற்றங்கரை, கடற்கரை, ஏரிக்கரை, நீண்ட கோயில் பிராகாரம் ஆகியவை உள்ளவன் பணக்காரன். இரண்டு அறை வீட்டுக்குள் அந்தச் சுண்டைக்காயால் பயனில்லை. சுவர் முதுகில் இடித்துவிடும்.

மென்பொருளில் மங்கவைத்துப் பார்த்த மாதங்களும் உண்டு. கிம்ப்பில் ஆளின் ஓரத்தைச் சுற்றி வெட்டி, பின்னணியை மட்டும் காஸியன் மங்கலால் கரைத்தேன். கூந்தல் ஓரத்தில் கத்தரிக்கோல் பட்டது தெரிந்தது என்பது அவரவர் கைத்திறனைப் பொறுத்த குறை. அதைவிடப் பெரிய பொய் தரையில் இருந்தது. உண்மையில் ஆள் நிற்கும் இடத்தில் தரை தெளிவாக இருந்து, பின்னே போகப் போகப் படிப்படியாக மங்க வேண்டும். என் படத்தில் அவள் தெளிவான செருப்போடு பஞ்சுமெத்தை மேல் நின்றாள். விளக்குகளும் காட்டிக்கொடுத்தன. சுடரின் உண்மையான ஒளி சென்சார் தாங்கும் எல்லையைத் தாண்டியிருந்ததால், படத்தில் வெறும் வெள்ளையாகவே பதிந்திருந்தது. அந்த வெள்ளையைப் பரப்பினால் சாம்பல் நிறக் கறைதான் கிடைக்கிறது. லென்ஸ் தரும் விளிம்புள்ள ஒளிவில்லை கிடைப்பதில்லை. கேமராக்காரர்களே இந்த வழியில் இறங்கினார்கள்: ஃபியூஜிஃபில்ம் 2009-இல் எஃப்70இஎக்ஸ்ஆர் என்ற சின்னக் கேமராவில், அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒப்பிட்டுப் பின்னணியை மட்டும் மங்கவைக்கும் வசதியைத் தந்தது. 2016-இல் ஐபோன் 7 பிளஸ், இரண்டு லென்ஸ்களின் பார்வை வேறுபாட்டிலிருந்து ஆழத்தை ஊகித்து அதைச் செய்தது. இன்று எல்லாக் கைப்பேசிகளும் செய்கின்றன, பெரும்பாலும் நன்றாகவே செய்கின்றன. ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியில் பின்னணி மங்காமல் சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் எனக்குத் தீராத பழக்கமாகிவிட்டது.

ஒன்றை மட்டும் எந்த வழியிலும் என்னால் செய்ய முடியவில்லை: நின்ற கோலத்தில் முழு ஆளையும் எடுத்து, பின்னணியைக் கரைப்பது. சட்டத்தின் அகலம் 2 மீட்டராகிவிட்டால் மிளகு 0.2 விழுக்காடுதான், அச்சில் 0.3 மில்லிமீட்டர். நியூயார்க் திருமணப் புகைப்படக்காரர் ரையன் பிரெனைசர் பரவலாக்கிய ஒரு முறை உண்டு. அருகிலேயே நின்று, நீண்ட லென்ஸில் ஆளையும் சுற்றுப்புறத்தையும் துண்டு துண்டாக எடுத்து, பிறகு ஒன்றாக ஒட்டுவது. ஹியூஜின் என்ற இலவச மென்பொருளில் பதினைந்து துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். எட்டு மீட்டர் பின்வாங்காமல் அருகில் நிற்பதால், நடுத்தரத் தூரத்தில் உள்ள மரங்களுக்கு மிளகின் பெரும்பங்கு கிடைத்தது உண்மை. ஆனால் பதினைந்து துண்டு எடுத்து முடிக்கும் வரை பத்து வயதுப் பெண் ஒருத்தி அசையாமல் நிற்க வேண்டுமே. ஒட்டிய படத்தில் அவளுக்கு மூன்று கைகள் இருந்தன. அவள் அதையே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

2010 பொங்கல் விடுமுறையில் அவளை அம்மா மண்டபம் படித்துறைக்கு அழைத்துப்போனேன். காவிரியில் தண்ணீர் இருந்தது. முதலில் அவள் கீழ்ப்படியில் நின்றாள். நான் மேலிருந்து எடுத்தேன். குனிந்து பார்க்கும் கேமராவுக்குப் பின்னணியாக அமைந்தது, அவளுக்கு நாலடி பின்னால் இருந்த தண்ணீரும் அதில் மிதந்த பூக்குப்பையும்தான். அக்கரை சட்டத்துக்குள் வரவே இல்லை. பிறகு அவளை மேற்படியின் விளிம்புக்கு ஏற்றி, நான் சமதரையில் மண்டியிட்டு, கேமராவை அவள் முக உயரத்துக்கும் சற்றுத் தாழ்த்தினேன். படிகளும் கூட்டமும் சட்டத்துக்குக் கீழே போய்விட்டன. அவள் தலைக்குப் பின்னால் ஆறும் அக்கரைத் தென்னைகளும், ஒரு பக்கம் மலைக்கோட்டையும் வந்தன. 2.4 மீட்டர், முழு ஜூம், எஃப் 5.5, முழு மிளகு.

அந்தப் படத்தை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். அக்கரைத் தென்னை மரம் ஒன்று அவள் முகத்தருகே சில சென்டிமீட்டர் உயரத்துக்கு வருகிறது; மிளகளவு மங்கலில் அதன் ஓலைக் கீற்றுகள் கரைந்து, மரம் என்பது மட்டும் நிற்கிறது. 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டை அவள் தோளுக்கு மேல் ஒரு விரல் நீளம். அதன் விளிம்பு பஞ்சாகியிருந்தாலும் திருச்சிக்காரர் எவரும் தயங்காமல் பெயர் சொல்வார். தை மாதப் பனி அக்கரையின் கருமையை ஏற்கெனவே வெளுத்து வைத்திருந்ததால், பாதி வேலையைப் பனியே செய்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நெல்லிக்காய் லென்ஸில் எடுத்திருந்தால் தென்னையும் கோட்டையும் ஒரே பச்சைச் சாம்பல் பூச்சாகியிருக்கும். எந்த ஊரில் எடுத்தது என்று பின்புறம் எழுதிவைக்க வேண்டியிருந்திருக்கும். எனக்கு இந்த அரை மங்கலே பிடித்தது. படத்தின் சொந்தக்காரிக்குப் பிடிக்கவில்லை. "வட்டம் வட்டமா வரலையே சித்தப்பா" என்றாள். வட்டம் வேண்டுமென்றால் பின்னணியில் விளக்கு வேண்டும் என்றேன்.

அந்த ஆண்டு கார்த்திகை தீபம் ஞாயிற்றுக்கிழமையன்று வந்தது. எங்கள் மாடியில் நின்றால் எதிர்வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவர் சுமார் 12 மீட்டர் தள்ளி இருக்கும். அவர்கள் அதன் மேல் அகல்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சுவரின் அகல்கள் சிலவற்றை நகர்த்தி, அவள் முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்தேன். மாடிப்படிக் கட்டையின் மேல் கேமராவை அமுக்கிப் பிடித்து, முகம் மட்டும் நிறையும்படி முழு ஜூமில், கால் மீட்டர் கூடக் குறையாமல் 1.2 மீட்டர் தள்ளி நின்றேன். வெளிச்சம் போதாததால் படம் புள்ளி புள்ளியாக வரும் என்று தெரிந்தே ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வு அளவை, ஏற்றினேன். பதினொரு வயதாகியிருந்த அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எட்டுப் படங்களில் ஒன்று தேறியது.

எதிர்வீட்டுச் சுடர்கள் ஒவ்வொன்றும் விளிம்பு கலையாத சிறு பொன்வட்டமாக அவள் காதிலிருந்து சட்டத்தின் ஓரம் வரை வரிசையாக நின்றன. எண்ணிப் பார்த்து, பதினேழு என்றாள். பிறகு கீழே போய் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு மிளகை எடுத்துவந்து, கண்ணாடி முன் நின்று தன் தோட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பிடித்து, கேமராத் திரையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மிளகை வாயில் போட்டுக் கடித்து, காரம் தாங்காமல் தண்ணீர் குடிக்க ஓடினாள்.